குளம்போலக் கிடந்த கடல்: கல்கிசைக் கரையில் ஒரு படகுப் பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிறு காலை, கொழும்புக்குத் தெற்கே உள்ள கல்கிசைக் கடற்கரையிலிருந்து ஏழு பேருடன் ஒரு படகு புறப்பட்டது. நான்கு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தபோது, கரைக்கு 50 மீற்றர் இருக்கையில் அலையில் பக்கவாட்டாகத் திரும்பித் தண்ணீர் ஏறியது. எவரும் உயிரிழக்கவில்லை. ஒருவருக்குத் தோள்மூட்டு விலகியது. ஒரு சிறுவன் கடல்நீரை விழுங்கியதால் ஒரு நாள் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்தான். புறப்பட்ட நேரத்தில் காற்று இல்லை, மழை இல்லை, கடலில் நுரையும் இல்லை. ஆகவேதான் இது எழுதப்படுகிறது.

படகு 20 அடி நீளமான திறந்த ஃபைபர் படகு. 40 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் வெளியிணைப்பு எஞ்சின், 25 லீற்றர் பெற்றோல் தாங்கி. உரிமையாளரே ஓட்டி. ஐம்பதைக் கடந்தவர், எட்டு வருடமாக இதே கரையில் படகு இறக்குபவர். வழக்கமாகத் துணைக்கு வரும் கடற்றொழிலாளி புத்தாண்டுக்கு ஊருக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவினர்கள் நால்வரும், ஒன்பது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருவரும் ஏறினார்கள். ஓட்டியின் மனைவியின் தம்பி கரையில் நின்றார்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பின் மேற்குக் கரை தென்மேற்குத் திசைக்கு முழுமையாகத் திறந்தது. துறைமுகமே 1875இல் தென்மேல் அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டப்படும்வரை அலைக்கு ஒதுக்கிடம் இல்லாமல்தான் கிடந்தது. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் காலிக்கே போயின. கல்கிசையிலும் தெஹிவளையிலும் அப்படியொரு தடுப்பு இன்றும் கிடையாது. மணலில் உருளைக் கட்டை போட்டுப் படகை இறக்க வேண்டும், அதே மணலில் ஏற்ற வேண்டும். இறக்குவதும் ஏற்றுவதும் ஒரே இடம் என்றாலும் ஒரே வேலை அல்ல. போகும்போது அணியம் (படகின் முன்புறம்) அலையை எதிர்கொள்கிறது, ஓட்டியின் கண்ணுக்கு முன்னே அலை தெரிகிறது. வரும்போது அலை முதுகுப்பக்கம் வருகிறது.

முதல்நாள் மாலை பார்த்தவை

சனி மாலை ஓட்டி இரண்டு விடயங்களைப் பார்த்தார். ஒன்று, வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவித்தல். காற்று திசை மாறி வீசும், வேகம் மணித்தியாலத்துக்கு 20 முதல் 30 கிலோமீற்றர், பிற்பகலில் இடியுடன் கூடிய மழைக்குச் சாத்தியம் என்றிருந்தது. மார்ச், ஏப்ரல் இடைப்பருவத்துக்கு இது வழக்கமான அறிவித்தல். இரண்டு, கைபேசிச் செயலி. காலை 6 மணிக்கு அலை உயரம் 0.8 மீற்றர், நண்பகலில் 1.2 மீற்றர்.

0.8 மீற்றர் என்றதும் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. அதே திரையில், உயரத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னோர் இலக்கம் இருந்தது: 16 செக்கன். அது அலைக்காலம், அதாவது ஒரு முகடு கடந்த பின் அடுத்த முகடு வருவதற்கு எடுக்கும் நேரம். முந்தைய நாட்களில் அது 8, 9 செக்கன் அளவில் இருந்தது. ஓட்டி அதைக் கண்டார், பொருட்படுத்தவில்லை. பெரும்பாலானோர் செய்வது இதுதான்.

இந்தப் பாய்ச்சல்தான் அன்றைய முழுக் கதையும். இங்கே அடிக்கும் காற்று எழுப்பும் அலைக்குக் காலம் ஐந்திலிருந்து எட்டுச் செக்கன் வரை. 14 செக்கனைத் தாண்டினால் அந்த அலை இங்கே பிறந்ததல்ல. இந்து சமுத்திரத்தின் தென்கோடியில், 40 முதல் 50 பாகை தெற்கில், பெரும்புயலொன்று எழுப்பிய நெடுவலை (நெடு அலை) அது. 16 செக்கன் அலையின் ஆற்றல் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். 6000 கிலோமீற்றர் கடந்து கொழும்புக்கு வர ஐந்தரை நாள் எடுக்கும். புயல் அங்கே, வெயில் இங்கே. கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வருவதால் வந்த பெயர்.

நீண்ட காலமுள்ள அலைகளே வேகமானவை. ஆகவே அவை முதலில், உயரம் குறைவாக வந்து சேரும். உயரம் பின்னால் கூடும். காலம் திடீரென இரட்டித்து உயரம் மட்டும் சிறிதாக இருந்தால், அது அமைதியான கடல் அல்ல, தொடங்கப்போகும் கடல். 0.8, பிறகு 1.2 என்று செயலியே அந்த ஏற்றத்தைக் காட்டியிருந்தது.

உயரம் ஒன்றாக இருந்தாலும் காலம் கூடினால் கரையில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. வெளிக்கடலில் 1.2 மீற்றர் அலை 7 செக்கன் காலத்துடன் நேராகக் கரைக்கு வந்தால் ஏறத்தாழ ஒன்றரை மீற்றரில் உடையும். அதே 1.2 மீற்றர் 16 செக்கனுடன் வந்தால் 2 மீற்றரைத் தாண்டி உடையும். அலை சரிவாக வந்தால் இது குறையும். இதில் இன்னொரு சிக்கல்: அறிவித்தலில் வரும் உயரம் எல்லா அலையின் உயரமும் அல்ல, பெரிய மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. சில மணித்தியாலத்துக்குள் ஒன்றிரண்டு அலைகள் அதன் இரு மடங்கை நெருங்கும்.

கரையில் பார்த்தது

5.50க்கு வந்தார்கள். கிழக்கிலிருந்து மெல்லிய நிலக்காற்று. தண்ணீர் எண்ணெய் பூசியதுபோல இருந்தது. கரையோரத்தில் மட்டும் முழங்காலளவு அலை உடைந்தது. வந்திருந்தவர்களில் ஒருவர் ஓட்டியிடம், "அண்ணை, கடல் குளம் மாதிரியெல்லோ கிடக்கு," என்றார். மூன்று, நான்கு நிமிடம் பார்த்துவிட்டு உருளைகளை எடுத்தார்கள்.

மூன்று நிமிடம் போதாது. நெடுவலை கூட்டம் கூட்டமாக வரும். ஐந்தாறு பெரிய அலைகள், பிறகு பத்துப் பதினைந்து நிமிட அமைதி. அமைதிக்குள் வந்து நின்றவர் அமைதியைத்தான் பார்ப்பார். அன்று பின்னர் எண்ணியபோது இரண்டு கூட்டங்களுக்கு இடையே 11 முதல் 14 நிமிடம் இருந்தது. ஆகவே 25 நிமிடம் நின்றிருந்தால் குறைந்தது ஒரு கூட்டத்தையாவது கண்டிருப்பார்கள்.

இரண்டாவதாகத் தவறியது மணல்திட்டு. கரையிலிருந்து 60 மீற்றர் தூரத்தில் நீருக்கடியில் ஒரு திட்டு இருந்தது. காலையில் அதன்மேல் 1.8 மீற்றர் அளவு தண்ணீர். அலை, தன் உயரத்தின் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையும். அரை மீற்றர் அலை அந்தத் திட்டின் மேலால் சத்தமில்லாமல் கடந்து கரையில்தான் உடைந்தது. திட்டு இருப்பதற்கான அடையாளமே மேலே தெரியவில்லை. 1.4 மீற்றரைத் தாண்டிய அலை வந்தால்தான் அது வெள்ளையாய்ச் சிரிக்கும்.

கொழும்பில் வற்றுப்பெருக்கு வித்தியாசம் சிறியது என்பதால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெரும் பெருக்கு நாட்களிலும் முக்கால் மீற்றரைத் தாண்டாது. அன்று 30 சென்ரிமீற்றர்தான். ஆனால் 1.8 மீற்றர் ஆழத்தில் 30 சென்ரிமீற்றர் போனால் ஆறில் ஒரு பங்கு போகிறது. புறப்பட்டபோது பெருக்கு, திரும்பியபோது வற்று நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது விடயத்தைக் குறை என்று சொல்ல முடியாது. சாதாரண நாளில் அந்தக் கரைத் தொழிலாளர்கள் படகு இறக்கினார்களா இல்லையா என்பதே நல்ல அளவுகோல். புத்தாண்டு வாரத்தில் படகுகள் எல்லாம் மேலே ஏற்றிக் கட்டப்பட்டிருந்தன. கடல் சரியில்லாததால் இறக்கவில்லையா, பண்டிகை என்பதால் இறக்கவில்லையா என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. ஆபத்து வந்தால் கயிறு பிடிக்கவும் ஆளில்லை.

கடலில்

6.30க்குப் படகு சிரமமின்றி வெளியேறியது. நான்கு கிலோமீற்றர் அளவு மேற்கே போய், எஞ்சினை நிறுத்தித் தூண்டில் போட்டார்கள். 8.40 அளவில் ஓட்டி ஒன்றைக் கவனித்தார். கரையோர ரயில் பாதைக்குப் போட்டிருந்த கல்லணை, சில நேரம் முழுதாக மறைந்து மீண்டும் தோன்றியது. படகு பள்ளத்தில் இருக்கும்போது, இருந்தவரின் கண்மட்டத்தைவிட முகடு உயர்ந்து நின்றது என்பதே அதன் பொருள். படகு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியதால் அது தாலாட்டுப்போல இருந்தது. சிறுவன் வாந்தி எடுத்தான். கடல் நோய் என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள்.

ஆழத்தில் நெடுவலை எவரையும் பயமுறுத்தாது. 16 செக்கன் அலைக்கு முகட்டுக்கு முகடு 400 மீற்றர் நீளம். 6 மீற்றர்ப் படகு அதன்மேல் ஒரு தக்கை. ஆழ்கடலில் சுகமாக இருக்கிறது என்பது கரையில் சுகமாக இருக்கும் என்பதற்குச் சாட்சி அல்ல.

9.15க்குக் கரையில் நின்றவர் அழைத்தார். காலையில் காய்ந்து கிடந்த மணலில், அவர்கள் பாய் விரித்திருந்த இடம்வரை தண்ணீர் ஏறியிருந்தது. கைபேசி நீர்புகாப் பைக்குள் பத்திரமாக இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. கையடக்க வீ.எச்.எஃப். வானொலி (கடலில் பேசிக்கொள்ளும் கருவி) ஒன்று ஓட்டியின் வீட்டில், மின்னேற்றாமல் கிடந்தது.

9.30க்குத் திரும்பினார்கள். அதற்குள் கடற்காற்று எழுந்துவிட்டது. தென்மேற்கிலிருந்து மணிக்கு 15 கிலோமீற்றர் அளவில், ஆங்காங்கே வெள்ளை நுரை. வெயில் நாட்களில் நிலம் சூடேறி முற்பகலில் இந்தக் காற்று தொடங்கும், பிற்பகல்வரை கூடும். அதன் சிற்றலை நெடுவலையின் மேல் படிந்துவிட்டால், எது கூட்டத்தின் முதல் அலை என்று பிரித்தறிவது கடினம்.

வெளியே நின்ற இருபத்தைந்து நிமிடம்

9.55க்குப் படகு, அலை உடையும் கோட்டுக்கு வெளியே 120 மீற்றரில் நின்றது. கடலிலிருந்து பார்ப்பவருக்கு அலையின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. வழவழப்பான மேடு ஒன்று கரைப்பக்கம் போய்க் காணாமல் போகும், பிறகு காற்றில் தூவானம் எழும். அந்தத் தூவானம் மணல்திட்டின் மேல் எழுவதை ஓட்டி கண்டார். உடனே உள்ளே போகவில்லை. அன்று எடுக்கப்பட்ட முடிவுகளில் இதுவே மிகச் சரியானது.

கைபேசியை எடுத்துக் கரையில் நின்றவரிடம் பேசினார். அவருக்கு அலையின் முகம் தெரிந்தது. முகடு தொடுவானத்தோடு சமமாகத் தெரியும்வரை மணல் சரிவில் இறங்கி நிற்கச் சொன்னார். அந்த இடத்தில், அலைப்பள்ளத்தின் மட்டத்திலிருந்து நிற்பவரின் கண் எவ்வளவு உயரமோ அதுவே அலையின் உயரம். ஒன்றரையிலிருந்து 1.8 மீற்றர் என்று வந்தது.

அப்போது மூன்று வழிகள் இருந்தன. நண்பகலுக்குப் பின் கடல் தணியும் என்று காத்திருப்பது முதலாவது. இது நடக்காது. நெடுவலை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது, காற்றும் கூடும், பிற்பகலில் இடி வரலாம். திறந்த படகில் மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை.

இரண்டாவது, தெற்கே 13, 14 கிலோமீற்றரில் உள்ள பாணந்துறை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவது. தாங்கியில் 14 லீற்றர் இருந்தது. நிதான வேகத்தில் ஏழு லீற்றரளவு போதும், முக்கால் மணித்தியாலப் பயணம். அலைதடுப்புக்குள் போனால் பயணிகளைச் சேதமின்றி இறக்கலாம். ஓட்டி இதை நினைத்தார், விட்டுவிட்டார். பின்னர் கேட்டபோது சொன்ன காரணங்கள்: அந்தத் துறைமுக வாயில் அவருக்குப் பழக்கமில்லை, முன்கூட்டி அறிவிக்காமல் போனால் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம், வேன் கல்கிசையில் நின்றது. முதலாவது நியாயமான காரணம். ஆனால் முடிவைத் தீர்மானித்தது வேன்தான் என்று நினைக்க இடமுண்டு.

மூன்றாவது, இரண்டு கூட்டங்களுக்கு இடையில் உள்ளே போவது. இதைத் தெரிவுசெய்தார். இரண்டு கூட்டங்களை எண்ணி, இரண்டாவது முடியும் நேரத்தில் நகர்ந்தார். கரையிலிருந்தவர், "அத்தான், இப்ப வராதேங்கோ, இன்னும் மூண்டு கிடக்கு," என்று சொன்னார். அந்த வசனத்தின் முதற்பாதி காற்றில் போய்விட்டது. ஓட்டிக்குக் கேட்டது "மூண்டு" மட்டுமே. மூன்று அலைகள் போய்விட்டன என்று எடுத்துக்கொண்டார்.

கவிழாமல் திரும்பியது எப்படி

10.20. படகு ஓர் அலையின் முதுகில் ஏறி உள்ளே வந்தது. இது சரியான முறை. இரண்டு மூன்று மீற்றர் ஆழத்தில் அலை மணிக்கு 16 முதல் 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அந்த வேகத்துக்கு எஞ்சினை வைத்து, முன்னே போகும் முகட்டைத் தாண்டாமலும் பின்னே வருவதிடம் பிடிபடாமலும் வர வேண்டும்.

பழுதானது பாரத்தில். பயம் பிடித்த மூவர் கரையைப் பார்த்தபடி அணியத்தில் நெருங்கி உட்கார்ந்திருந்தனர். அணியம் தாழ்ந்ததால் படகு விரைவாக நகரத் தயங்கியது. முன்னே போன அலை கழன்று போனது. திட்டின்மேல், இரண்டு முகடுகளுக்கிடையே தண்ணீர் ஒரு மீற்றராகக் குறைந்த கணத்தில் எஞ்சினின் அடிக்கால் மணலைத் தொட்டது. புரொப்பெல்லர் நுரைக்குள் சுழன்று பிடிப்பை இழந்தது. வேகம் பாதியாயிற்று. அடுத்த அலை பின்புறத்தைத் தூக்கியது, அணியம் பள்ளத்துத் தண்ணீரில் குத்தியது, குத்திய முனையைச் சுற்றிப் படகு இடப்பக்கம் திரும்பியது. சுக்கானுக்கு அப்போது வேலை இல்லை. தண்ணீரும் படகும் ஒரே வேகத்தில் போகும்போது எதைத் திருப்பினாலும் ஒன்றும் நடக்காது.

உடையும் அலையின் உயரம் படகு நீளத்தின் 30 சதவீதத்தை எட்டினால், பக்கவாட்டில் அகப்பட்ட படகு கவிழக்கூடும். 6 மீற்றர்ப் படகுக்கு அது 1.8 மீற்றர். அன்று அடித்த அலை அதற்குச் சற்றுக் குறைவு. படகு கவிழவில்லை, பாதிக்கு நிரம்பியது. ஓட்டியும் ஒன்பது வயதுச் சிறுவனும் வெளியே வீசப்பட்டனர்.

ஓட்டியின் மணிக்கட்டில் எஞ்சின் நிறுத்தும் கயிறு கட்டியிருந்தது. அவர் விழுந்த கணமே எஞ்சின் நின்றது. இல்லாவிட்டால் சுழலும் புரொப்பெல்லருக்கு அருகில் ஒரு குழந்தை மிதந்திருக்கும். சிறுவன் அணிந்திருந்தது பெரியவர் அளவு உயிர்காப்பு அங்கி. கால்களுக்கிடைப் பட்டி இல்லாததால் அது மேலேறி முகத்தை மூடியது. அங்கி மிதந்தது, பிள்ளை அதற்குள் தாழ்ந்தான். கரையிலிருந்தவரும் நடைபயிற்சிக்கு வந்திருந்த இருவரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவனைத் தூக்கினார்கள்.

பின்விளைவு

1990 என்ற அவசர இலக்கத்துக்கு அழைத்ததும் ஆம்புலன்ஸ் வந்தது. சிறுவன் நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டான். நீர் நுரையீரலுக்குள் போயிருந்தால் மூச்சுத்திணறல் சில மணித்தியாலம் கழித்தும் தொடங்கலாம் என்பதால் இது சரியான முடிவு. இருக்கைப் பலகையைப் பிடித்தபடி எறியப்பட்ட ஒருவருக்கு வலது தோள் விலகியிருந்தது. எஞ்சினுக்குள் உப்புநீர் போயிருந்தது. அன்றே நன்னீரால் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, எண்ணெய் மாற்றியதால் அது பிழைத்தது. தூண்டில்களும் ஒரு கைபேசியும் போயின. அன்று பிற்பகல் 2 மணியளவில் தெஹிவளைப் பக்கம் இடி முழங்கியது.

ஓட்டி மாற்றிக்கொண்டவை

பயணிகளுடன் இறக்குவதற்கு முன் கரையில் 25 நிமிடம். கைபேசியில் நேரம் வைத்து 11 முகடுகளை எண்ணி, மொத்த நேரத்தைப் பத்தால் வகுத்து அலைக்காலம் எடுக்கிறார். 12 செக்கனுக்கு மேல், செயலியில் 0.8 மீற்றர் அல்லது அதற்குக் கூட என்றால் கல்கிசையில் படகு இறங்காது. காலம் ஒரே நாளில் நாலைந்து செக்கன் ஏறியிருந்தால் உயரம் எதுவானாலும் இறங்காது. இந்த எல்லை அவருடைய படகுக்கும் அந்தக் கரைக்கும் பொருந்துவது. பெரிய படகுக்கோ துறைமுகத்திலிருந்து போகிறவருக்கோ வேறு.

பார்க்கும் இலக்கமும் மாறியது. புறப்படும் நேரத்து அலையை அல்ல, திரும்பும் நேரத்து அலை, காற்று, வற்று மூன்றையும் ஒரே வரியில் எழுதிக்கொள்கிறார். திரும்பும் நேரம் 9 மணி. 9.30 அல்ல.

வருவதற்கு முன் பயணிகள் அனைவரும் நடுப்பலகைக்குப் பின்னால், அடியில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அவர்கள் நிறைக்கேற்ற, கால்பட்டியுள்ள அங்கி. இல்லாவிட்டால் பிள்ளைகள் ஏறுவதில்லை. வானொலி மின்னேற்றி, அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் திறந்தபடி. கரையில் நிற்பவருக்குப் பேச்சுக்குப் பதில் கைச்சைகை: இரு கைகளும் மேலே என்றால் நில், ஒரு கை கரையை நோக்கிச் சுழன்றால் வா. பாணந்துறை வாயிலை ஓட்டி ஒரு நல்ல நாளில், துணையாளுடன் இரண்டு தடவை போய்ப் பார்த்து வந்தார். அங்கு யாரிடம் எப்படி அறிவிப்பது என்றும் கேட்டு எழுதிக்கொண்டார். தாங்கியில் மூன்றிலொரு பங்கு அதற்கென ஒதுக்கப்பட்டது.

மே முதல் செப்டம்பர் வரை, தென்மேல் பருவம் முழுக்க, அவர் முன்பும் கல்கிசையில் இறக்கியதில்லை. சோளகம் தொடங்கிவிட்டால் அந்தக் கரையில் கேள்விக்கே இடமில்லை, கடலே பதில் சொல்லிவிடும். சிக்கலானது அதற்கு முந்திய ஆறு வாரம்.

அடுத்த வருடப் புத்தாண்டுக்கும் உறவினர்கள் வந்தார்கள். காலை 5.40க்குக் கரைக்குப் போய் நின்றார்கள். கடல் பளபளவென்று அசையாமல் கிடந்தது. பதினேழாவது நிமிடத்தில் 60 மீற்றர் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தோன்றி, ஐந்து தடவை உடைந்து, மறைந்தது. எண்ணியதில் 15 செக்கன். படகை இழுவை வண்டியில் ஏற்றிப் பொல்கொட வாவிக்குக் கொண்டுபோனார்கள். அங்கு நல்ல மீன் கிடைக்கவில்லை, பகல் ஒரு மணிக்கு இடி கேட்டதும் கரையேறிவிட்டார்கள்.